கேள்வி – பதில்: வகுப்பு ஓடுகிறது, பாடம் ஏறவில்லை

இணையவழியில் படிக்கும் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்கள் அனுப்பிய கேள்விகள் இந்த இதழில். தனக்குப் படிப்பு வரவில்லை என்று வருந்தி எழுதிய சிலருக்குச் சிக்கல் வைஃபையில்தான் இருக்கிறது. கருவியைக் குறை சொல்லி எழுதிய பலருக்கு மாற வேண்டியது படிக்கும் முறை. வகுப்பறை சத்தமில்லாமல் செய்து தந்த வேலைகள் நிறைய உண்டு. நேரத்தைக் கட்டிவைப்பது, திடீரென்று கேள்வி கேட்டு உலுக்குவது, பக்கத்து இருக்கையில் சந்தேகம் தீர்வது எல்லாம் அதில் சேரும். இணையத்தில் இவை அத்தனையும் மாணவர் தலையில் விழுகின்றன. ஆனால் அப்படி விழுவதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை.

கேள்வி: ஒரே பாடத்தில் 34 பதிவு வகுப்புகள் பார்க்காமல் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் 50 நிமிடம். தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது. இரட்டை வேகத்தில் ஓட்டிப் பார்த்துவிடலாமா?
— பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவர்

கணக்கைப் போட்டுப் பாருங்கள். 34 வகுப்புகள், தலா 50 நிமிடம் என்றால் 1,700 நிமிடம், அதாவது 28 மணி நேரத்துக்குச் சற்று மேல். நிறுத்தி, பின்னால் இழுத்து, குறிப்பெடுத்துப் பார்த்தால் ஒன்றரை மடங்கு ஆகும். அப்போது 42 மணி நேரம். 21 நாளும் தினம் இரண்டு மணி நேரம் இந்த ஒரு பாடத்துக்கே போய்விடும். மற்ற பாடங்களும் இருக்கின்றன. ஆகவே எல்லாவற்றையும் பார்ப்பது என்ற எண்ணத்தை இன்றைக்கே விட்டுவிடுங்கள். விட்டால்தான் தேறலாம்.

வேகத்தைப் பற்றி ஆய்வு இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-ல் வெளியிட்ட சோதனையில், இரண்டு மடங்கு வேகம் வரை மாணவர்களின் புரிதல் பெரிதாகக் குறையவில்லை, 2.5 மடங்கில் சரிந்தது. ஆனால் அவர்கள் காட்டிய வீடியோக்கள் ரோமப் பேரரசைப் பற்றியும் வீடு, மனை மதிப்பீட்டைப் பற்றியும் பேசியவை. கரும்பலகையில் ஒரு சமன்பாட்டை வரி வரியாக வருவிக்கும் வகுப்புக்கு அந்த முடிவை அப்படியே பொருத்தக் கூடாது. அறிமுகம், வரலாறு, ஏற்கெனவே தெரிந்த பகுதி இவற்றுக்கு 1.75 வைக்கலாம். வருவித்தல், எடுத்துக்காட்டுக் கணக்கு வரும் இடத்தில் 1 அல்லது 1.25க்கு இறங்குங்கள்.

முதல் இரண்டு நாள் எந்த வீடியோவையும் திறக்காதீர்கள். பாடத்திட்டத்தின் தலைப்புகளை ஒரு தாளில் கீழ்நோக்கி எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: கடந்த ஐந்து வினாத்தாள்களில் எத்தனை முறை வந்திருக்கிறது, எத்தனையாவது வகுப்பில் இருக்கிறது, இப்போது எனக்குத் தெரியுமா. மூன்றாவது கட்டத்தை ஊகித்து நிரப்ப வேண்டாம். ஒரு பழைய கேள்வியை எடுத்துப் பத்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு நிரப்புங்கள்.

மூன்றாம் நாளிலிருந்து கேள்வியில் தொடங்குங்கள். போட்டுப் பார்த்து எங்கே முட்டுகிறதோ அந்தச் சொல்லை வகுப்பின் எழுத்துப் பிரதியில் தேடினால், எந்த நிமிடத்தில் அது வருகிறது என்று தெரிந்துவிடும். எழுத்துப் பிரதி இல்லையென்றால் ஸ்லைடு எண்ணை வைத்து ஊகிக்கலாம். அந்த 8 அல்லது 12 நிமிடத்தை மட்டும் பாருங்கள். பார்த்ததும் வீடியோவை மூடிவிட்டு அதே கேள்வியை மறுபடி போடுங்கள். இந்தக் கடைசிப் படியை விடவே கூடாது. விட்டால், புரிந்தது போன்ற ஒரு நிறைவு மட்டுமே கையில் இருக்கும். கடைசி நான்கு நாள் வீடியோ வேண்டாம், வினாத்தாள் மட்டும்.

அடுத்த பருவத்தில் இது குவியாமல் இருக்க ஒரு சொல். நேரலை வகுப்பைத் தவறவிட்டால் தவறியதுதான். பதிவு அப்படியில்லை, எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதாலேயே எப்போதும் பார்க்காமல் கிடக்கிறது. பதிவு வந்த 48 மணி நேரத்துக்குள் பார்ப்பேன் என்று நீங்களே காலாவதி வையுங்கள். 48 மணி தாண்டியதை முழுதாகப் பார்க்க முயலாமல், மேலே சொன்னபடி கேள்வி வழியாக மட்டும் தொடுங்கள். பாக்கி இரண்டுக்கு மேல் ஏறாது.

கேள்வி: எல்லா வகுப்பையும் விடாமல் பார்க்கிறேன். பேராசிரியர் சொல்வதை ஏறக்குறைய முழுதாகத் தட்டச்சு செய்கிறேன். தேர்வு நெருங்கும்போது ஒன்றும் நினைவில் இல்லை. என்னிடம் என்ன குறை?
— உளவியல் முதுகலை மாணவி

உங்களிடம் குறை இல்லை. உழைப்பு போகும் இடம்தான் தவறு. பார்ப்பதும், சொன்னதைப் படியெடுப்பதும், எடுத்ததைத் திரும்பப் படிப்பதும் உள்ளே போகும் வேலைகள். தேர்வில் கேட்பது வெளியே எடுக்கும் வேலை. அதை நீங்கள் ஒருமுறைகூடப் பழகவில்லை.

உளவியல் படிப்பவர் என்பதால் ரோடிகர், கார்ப்பிக் 2006-ல் செய்த சோதனை உங்களுக்கு அறிமுகமாகியிருக்கும். ஒரு பகுதியைப் படித்துவிட்டு மறுபடி படித்த குழு, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிய குழு என்று இரண்டு. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள் முன்னே: 81 சதவீதம், 75 சதவீதம். ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: மறுபடி படித்தவர்கள் 42, எழுதிப் பார்த்தவர்கள் 56. அந்த ஐந்து நிமிட முடிவுதான் ஏமாற்றுவது. திரும்பப் படிப்பது அன்றைக்கு நன்றாக இருக்கும்; அதனால்தான் யாரும் அதை விட மாட்டேன் என்கிறார்கள்.

இணைய வகுப்பை வைத்தே செய்த சோதனையும் உண்டு. ஸ்புனார், கான், ஷாக்டர் ஆகியோர் 2013-ல், 21 நிமிடப் புள்ளியியல் வகுப்பு ஒன்றை நான்கு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் சிறு சோதனை வைத்தார்கள். சோதனை எழுதியவர்களின் கவனம் மற்றவர்களைவிட ஏறத்தாழப் பாதி அளவுக்கே அலைந்தது. குறிப்பும் கூடுதலாக எடுத்தார்கள். கடைசியில் மதிப்பெண்ணும் கூடியது. இடையில் கேட்பார்கள் என்று தெரிந்தால் மனம் உட்காருகிறது.

இதை வீட்டில் செய்வது கடினமில்லை. பதிவு வகுப்பை 10 நிமிடத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். திரையை மறைத்துவிட்டு, இந்தத் துண்டில் என்ன சொன்னார் என்று மூன்று வரி சொந்தச் சொல்லில் எழுதுங்கள். வரவில்லை என்றால் வெட்கப்பட வேண்டாம், உடனே பின்னால் போய்ப் பார்க்கவும் வேண்டாம். ஒரு நிமிடம் முயன்றுவிட்டுப் பிறகு பாருங்கள். அந்தத் திணறலுக்குத்தான் பலன். பிறகு ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள். “செயல்முறை நினைவகம்” என்று தலைப்பு எழுதாமல், “செயல்முறை நினைவகத்துக்கும் குறுகியகால நினைவகத்துக்கும் என்ன வேறுபாடு?” என்று எழுதுங்கள். மறுநாள், நான்காம் நாள், பத்தாம் நாள் அந்தக் கேள்விகளை மட்டும் பார்த்து விடை எழுதுங்கள். 50 நிமிட வகுப்பு இப்படிச் செய்தால் 70 நிமிடம் ஆகும். தேர்வு மாதத்தில் அதைவிட அதிகமாகவே திரும்பக் கிடைக்கும்.

தட்டச்சா கையெழுத்தா என்பதில் அவ்வளவு கவலை வேண்டாம். கையால் எழுதியவர்களே தேறினார்கள் என்று 2014-ல் வந்த ஓர் ஆய்வு மிகவும் பேசப்பட்டது. 2019-ல் அதைத் திரும்பச் செய்தபோது வேறுபாடு அவ்வளவு தெளிவாகத் தெரியவில்லை. சொல்லுக்குச் சொல் படியெடுப்பதுதான் கெடுதல். கை மெதுவாக எழுதுவதால் படியெடுக்க முடியாமல் போகிறது, அதுவே கையெழுத்தின் நன்மை.

கேள்வி: வேகச் சோதனையில் 30 மெகாபிட் காட்டுகிறது. யூடியூப் தடையில்லாமல் ஓடுகிறது. வகுப்பில் மட்டும் குரல் உடைந்து உடைந்து வருகிறது. நான் பேசினாலும் யாருக்கும் கேட்பதில்லை. ஏன்?
— வணிகவியல் இரண்டாம் ஆண்டு மாணவர்

யூடியூப் அடுத்த சில பத்து வினாடிகளை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. நடுவில் இணைப்பு இரண்டு வினாடி தடுமாறினாலும் சேமிப்பிலிருந்து ஓடும். நேரலையில் இன்னும் பேசாத சொல்லை முன்கூட்டி இறக்க முடியாது. அதனால் நேரலைக்கு வேகத்தைவிடச் சீர் முக்கியம்.

எவ்வளவு வேகம் வேண்டும் என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். ஜூம் போன்ற செயலியில் குழு வீடியோவுக்கு வினாடிக்கு 600 கிலோபிட் முதல் 1 மெகாபிட் வரை போதும். குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 கிலோபிட். திரைப் பகிர்வு மட்டும் என்றால் 50 முதல் 75. உங்களிடம் இருப்பது 30 மெகாபிட். ஆக, குறை வேகத்தில் இல்லை.

எங்கே என்று பிரித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கணினியில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, உங்கள் ரவுட்டரின் முகவரிக்கு — பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1 — இரண்டு நிமிடம் தொடர்ந்து ‘பிங்’ அனுப்புங்கள் (சிறு தகவலை அனுப்பி, விடை எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று அளக்கும் கட்டளை அது). வரும் விடைகள் எல்லாம் 1 முதல் 5 மில்லிவினாடிக்குள் சீராக இருந்தால் வீட்டுக்குள் சிக்கல் இல்லை. வெளியே வரும் இணைப்பில் சிக்கல், சேவை தருபவரிடம் புகார் சொல்ல வேண்டும். ரவுட்டருக்கே 3, 4, 180, 5, பிறகு ‘நேரம் கடந்தது’ என்று தாவினால் குற்றவாளி உங்கள் வைஃபை. புகார் கொடுத்துக் காத்திருப்பதில் பயனில்லை.

வைஃபைதான் என்றால் ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்காருங்கள், முடிந்தால் ஈதர்நெட் கம்பி போடுங்கள். கம்பி போட்டதும் பலருக்குத் தொல்லை தீர்ந்துவிடும். கம்பி இயலாது, ரவுட்டர் அதே அறையில் இருக்கிறது என்றால் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு சுவர் தள்ளி இருக்கிறீர்கள் என்றால் 2.4 நல்லது, வேகம் குறைவு, ஆனால் சுவரைத் தாண்டும். மைக்ரோவேவ் அடுப்பு இயங்குவதும் 2.4 கிகாஹெர்ட்ஸை ஒட்டித்தான். அடுப்பு ஓடும் நேரத்தில் மட்டும் குரல் உடைகிறதா என்று கவனியுங்கள்.

நீங்கள் பேசுவது கேட்காததற்குக் காரணம் வேறு. வேகச் சோதனையில் நாம் பார்ப்பது பெரும்பாலும் இறக்கும் வேகம். ஏற்றும் வேகம் அதில் பத்தில் ஒரு பங்காகக்கூட இருக்கலாம். அந்தச் சிறு வழியைக் கைப்பேசியின் புகைப்படக் காப்பு அடைத்துக்கொண்டிருக்கும். வகுப்பு நேரத்தில் தானாக நடக்கும் மேகச் சேமிப்பு ஒத்திசைவை எல்லாக் கருவியிலும் நிறுத்துங்கள். பேச வேண்டிய நேரத்தில் கேமராவை அணைத்துவிட்டுப் பேசுங்கள்.

டேட்டா அளந்து செலவழிப்பவர்களுக்கு இதே கணக்கு உதவும். எட்டு பிட் ஒரு பைட் என்பதால், வினாடிக்கு 1 மெகாபிட் என்றால் மணிக்கு 450 மெகாபைட். குரல் மட்டும் 80 கிலோபிட் என்றால் மணிக்கு 36 மெகாபைட். பன்னிரண்டு மடங்குக்கு மேல் வேறுபாடு. பேராசிரியர் ஸ்லைடை முன்னாலேயே அனுப்பிவிட்டால், குரலை மட்டும் கேட்டுக்கொண்டு ஸ்லைடைத் தனியே பார்க்கலாம். வகுப்புக்கு முந்தைய நாள் ஸ்லைடு தரும்படி மொத்த வகுப்பும் சேர்ந்து கேளுங்கள். இது மிகச் சிறிய கோரிக்கை. கேட்டால் பெரும்பாலும் கிடைக்கும்.

கேள்வி: நாலு மணி நேரம் கேமரா முன்னால் உட்கார்ந்தால், நேரில் நாள் முழுவதும் படித்ததைவிடக் களைப்பாக இருக்கிறது. இது மனப்பிரமையா?
— ஆங்கில இலக்கிய மாணவி

பிரமை இல்லை. ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் ஜெரமி பெய்லன்சன் 2021-ல் இதற்கு நான்கு காரணங்களைப் பிரித்துச் சொன்னார்: அளவுக்கு மீறிய நெருக்கத்தில் முகங்கள், தன் முகத்தையே தொடர்ந்து பார்ப்பது, அசையாமல் இருக்க வேண்டிய கட்டாயம், தலையசைப்பு முதலான குறிப்புகளைத் திரையில் முயன்று படிக்கும் உழைப்பு. முதலில் உங்கள் முகம் உங்களுக்குத் தெரியாதபடி மறைக்கும் வசதியை அழுத்துங்கள். மற்றவர்களுக்கு நீங்கள் தெரிந்துகொண்டுதான் இருப்பீர்கள். பிறகு முழுத்திரையிலிருந்து சாளரத்தைச் சிறிதாக்குங்கள். கேமரா கட்டாயம் இல்லாத வகுப்பில் அணைத்துவிட்டு எழுந்து நின்று கேளுங்கள். கண் எரிச்சலுக்கு, திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடுவது பெரிய காரணம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஆறு மீட்டர் தள்ளி இருக்கும் ஒன்றை 20 வினாடி பார்த்து, வேண்டுமென்றே நாலைந்து முறை இமையுங்கள்.

கேள்வி: தேர்வில் கையால் எழுதி, படமெடுத்து, பிடிஎஃப் ஆக்கி ஏற்ற வேண்டும். சென்ற முறை கடைசி நிமிடத்தில் ஏறாமல் போய் ஒரு தாள் வீணாயிற்று. என்ன செய்திருக்க வேண்டும்?
— கணிதம் இளங்கலை மாணவி

நன்றாக எழுதிய தாள் இப்படிப் போவதைப் போல வேதனை வேறில்லை. தடுக்கக்கூடிய இழப்பு என்பதால் விரிவாகவே சொல்கிறோம்.

பெரும்பாலும் அளவில்தான் சறுக்கல். கைப்பேசியில் எடுத்த சாதாரணப் படம் ஒன்று 3 முதல் 5 மெகாபைட் இருக்கும். 16 பக்கம் என்றால் 48 முதல் 80 மெகாபைட். ஏற்றும் வேகம் 1 மெகாபிட் என்றால் 60 மெகாபைட் ஏற 8 நிமிடம். எல்லோரும் ஒரே நேரத்தில் ஏற்றும்போது அது இன்னும் நீளும். தளம் வைத்திருக்கும் உச்ச அளவைத் தாண்டினால் ஏறவே ஏறாது. அதே 16 பக்கத்தைப் படமெடுக்கும் செயலியில் எடுக்காமல் ஸ்கேன் செயலியில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் பக்கத்துக்கு 100 முதல் 300 கிலோபைட்தான். மொத்தம் 5 மெகாபைட்டைத் தாண்டாது. 40 வினாடியில் ஏறிவிடும். அங்குலத்துக்கு 150 புள்ளி போதும். ஏ4 தாளுக்கு அது 1,240க்கு 1,754 புள்ளி. சிறிய கீழ்க்குறி எண்கள் நிறைய எழுதுபவர் 200 வைக்கலாம்.

கறுப்பு வெள்ளையில் பென்சில் கோடு மறைந்துவிடும். வரைபடம் பென்சிலில் இருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் சாம்பல் நிற முறையில் எடுங்கள். விளக்கு பக்கவாட்டிலிருந்து வரட்டும். தலைக்கு மேல் இருந்தால் உங்கள் கையின் நிழல் விடையின் மேல் விழும். ஃபிளாஷ் வேண்டாம். ஐஃபோன் படங்கள் ஹெச்ஈஐசி வடிவில் சேமிக்கப்படலாம், பல தளங்கள் அதை ஏற்பதில்லை. ஸ்கேன் செயலியில் எடுத்தால் நேரே பிடிஎஃப் ஆகிவிடும்.

ஒவ்வொரு பக்கத்தின் மேல் மூலையிலும் பதிவெண்ணும், “3/16” என்பது போலப் பக்க எண்ணும் எழுதுங்கள். மொத்தப் பக்கம் முன்னாலேயே தெரியாது, கடைசியில் நிரப்பலாம். கோப்புப் பெயரில் இடைவெளியும் சிறப்புக் குறிகளும் வேண்டாம்.

நேரத்தைப் பிரிப்பதுதான் பலர் விடுவது. ஸ்கேன் செய்ய பக்கத்துக்கு 20 வினாடி, சரிபார்க்க இரண்டு நிமிடம், ஏற்ற ஐந்து நிமிடம், தவறினால் மறுபடி ஏற்ற இன்னொரு ஐந்து என்று கணக்கிட்டால் 16 பக்கத்துக்கு 18 நிமிடம் வருகிறது. தேர்வு நேரத்துக்குள்ளேயே ஏற்ற வேண்டும் என்று விதி இருந்தால், முடிவுக்கு 20 நிமிடம் முன்னால் பேனாவை வைத்துவிடுங்கள். கடைசியாக எழுதும் ஒரு விடைக்காக எழுதிய எல்லா விடையையும் பணயம் வைக்கக் கூடாது.

ஏற்றுவது வேறு, சமர்ப்பிப்பது வேறு. மூடுல் (Moodle) போன்ற கற்றல் தளங்களில் கோப்பு ஏறிய பிறகும் ‘வரைவு’ என்ற நிலையில் நிற்கக்கூடும். சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தினால்தான் ஆசிரியருக்குப் போய்ச் சேர்ந்த கணக்கு. சமர்ப்பித்ததும் அந்தக் கோப்பைத் தளத்திலிருந்தே திறந்து, முதல் பக்கமும் கடைசிப் பக்கமும் தெரிகிறதா என்று பாருங்கள். நேரம் தெரியும்படி ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். ஏறவில்லை என்றால், கெடு முடிவதற்கு முன்பே அதே கோப்பை மின்னஞ்சலில் ஆசிரியருக்கு அனுப்பிவிடுங்கள். பிழைச் செய்தியின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். கெடுவுக்கு முந்தைய நேர முத்திரை இருந்தால், பேச இடம் கிடைக்கும்.

கேள்வி: இணைய வினாடிவினா நடுவில் மின்சாரம் போய்விட்டது. எழுதிய விடைகள் போய்விட்டனவா?
— நுண்ணுயிரியல் மாணவர்

அநேகமாக இல்லை. மூடுலில் இயல்பான அமைப்பு ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை விடைகளைத் தானாகச் சேமிக்கும். பக்கம் மாற்றும்போதும் சேமிக்கும். ஆனால் கடிகாரம் நிற்காது. உடனே கைப்பேசி டேட்டாவில் உள்ளே போனால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நேரம் முடியும்போது விடைகள் தானாகச் சமர்ப்பிக்கப்படுமா, அழுத்தினால்தான் கணக்கா என்பது ஆசிரியர் அமைத்திருக்கும் விதத்தைப் பொறுத்தது. இதைத் தேர்வுக்கு முன்னாலேயே கேட்டு வையுங்கள். மாணவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இது. நீண்ட விடைகளைத் தளத்தில் நேரே தட்டாமல், அனுமதி இருந்தால், வேறொரு கோப்பில் எழுதி ஒட்டுங்கள்.

கேள்வி: நானே எழுதிய கட்டுரையைச் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று ஒரு கருவி சொல்லிவிட்டது. ஆசிரியர் விளக்கம் கேட்டிருக்கிறார். எப்படி நிரூபிப்பது?
— முதுகலை மாணவர்

பதறிப்போய் ஒரு வரி மன்னிப்பு எழுதிவிடாதீர்கள். செய்யாததற்கு மன்னிப்புக் கேட்டால் ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்வார்கள்.

இந்தக் கருவிகள் ஊகிக்கின்றன, அவ்வளவுதான். ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் இப்படி ஒரு கருவியை வெளியிட்டு, துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. இயந்திரம் எழுதியதில் 26 சதவீதத்தைத்தான் அது சரியாகக் குறித்தது. மனிதர் எழுதியதில் 9 சதவீதத்தை இயந்திரம் எழுதியது என்றது. அதே 2023-ல் ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் ஏழு கருவிகளைச் சோதித்தபோது, ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்கள் எழுதிய கட்டுரைகளில் சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவை தவறாகக் குறிக்கப்பட்டன. எளிய, வழக்கமான சொற்களில் எழுதுவதையே கருவி சந்தேகப்படுகிறது. இந்த அநியாயத்தை ஆசிரியர்கள் அறிய வேண்டும்.

உங்கள் விளக்கத்தில் உணர்ச்சியைக் குறைத்துச் சான்றைக் கூட்டுங்கள். கூகுள் டாக்ஸில் எழுதியிருந்தால் பதிப்பு வரலாறு இருக்கும். மேகச் சேமிப்பில் வைத்த வேர்டு கோப்புக்கும் உண்டு. எந்த நாளில் எந்தப் பத்தி வந்தது, எதை அடித்தீர்கள் என்று அது காட்டும். கையெழுத்துக் குறிப்பு, படித்த நூல்களில் அடிக்கோடிட்ட பக்கங்கள், நண்பருக்கு அனுப்பிய முதல் வரைவு எல்லாவற்றையும் தேதிவாரியாக இணையுங்கள். “இந்தக் கட்டுரையைப் பற்றி நேரில் கேள்வி கேளுங்கள், விடை சொல்லத் தயார்” என்று எழுதுங்கள். எழுதியவருக்கு இதைவிட வலுவான சான்று இல்லை. எழுத்துப்பிழை திருத்தும் கருவி பயன்படுத்தியிருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

ஒற்றுமை அறிக்கையைப் பற்றி, அதாவது கட்டுரையின் வரிகள் மற்ற மூலங்களோடு எவ்வளவு பொருந்துகின்றன என்று மென்பொருள் தரும் அறிக்கையைப் பற்றி, கேட்ட மற்றொரு வாசகருக்கும் இங்கேயே: 30 சதவீதம் என்று வந்தால் 30 சதவீதம் திருட்டு என்று பொருளில்லை. மேற்கோள்களும், துணைநூல் பட்டியலும், திரும்ப எழுதிய வினாவும்கூட அதில் சேரும். எண்ணை விட்டுவிட்டு, எந்த வரிகள் நிறம் பூசப்பட்டிருக்கின்றன என்று பாருங்கள். மேற்கோள் குறி இல்லாமல் ஒரு பத்தி முழுவதும் ஒரே மூலத்தோடு பொருந்தினால், மொத்தம் 8 சதவீதம் என்றாலும் தவறு தவறுதான்.

கேள்வி: சந்தேகம் வந்தால் 120 பேர் முன்னால் மைக்கை இயக்கிக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. மின்னஞ்சல் போட்டாலும் பதில் வருவதில்லை.
— இயற்பியல் முதலாம் ஆண்டு மாணவி

“சார், நான்காவது அலகு புரியவில்லை” என்ற மின்னஞ்சலுக்கு இரண்டு பக்கப் பதில் எழுத வேண்டியிருக்கும் என்பதால் அது தள்ளிப்போகிறது. இரண்டு வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியாக மாற்றுங்கள். பொருள் வரியில் பாடத்தின் பெயரும் வகுப்பு எண்ணும் இருக்கட்டும். உள்ளே இப்படி எழுதலாம்:

“மதிப்பிற்குரிய பேராசிரியர் அவர்களுக்கு, வணக்கம். ஏழாம் வகுப்புப் பதிவில் 23ஆம் நிமிடத்தில், இரண்டாவது சமன்பாட்டிலிருந்து மூன்றாவதற்குப் போகும்போது குறி எதிர்மறையாக மாறுகிறது. நான் போட்டுப் பார்த்தபோது நேர்க்குறியே வருகிறது (படம் இணைத்துள்ளேன்). எந்த இடத்தில் தவறுகிறேன் என்று சொல்ல இயலுமா? நன்றி.”

எந்த இடம், நீங்கள் செய்தது என்ன, எங்கே முட்டுகிறது — இந்த மூன்றும் இருந்தால் போதும். இப்படி எழுதும்போதே பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடுவதும் உண்டு. மூன்று வேலை நாள் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம், அது தொல்லை கொடுப்பது ஆகாது. வகுப்பில் கேட்பதானால் உரையாடல் பெட்டியில் முன்கூட்டியே தட்டி வைத்துக்கொண்டு, அவர் “சந்தேகம் உண்டா” என்றதும் அனுப்புங்கள். அவர் காத்திருக்கும் நேரம் சில வினாடிகள்தான். அதற்குள் தட்டி முடிக்க யாராலும் ஆகாது.

கேள்வி: “வீட்டில்தானே இருக்கிறாய்” என்று வகுப்பு நேரத்தில் வேலை சொல்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?
— சமூகவியல் மாணவி

வாரக் கால அட்டவணையை இரண்டு நிறத்தில் எழுதி எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டுங்கள். நகர்த்த முடியாத நேரலை வகுப்பு ஒரு நிறம், நகர்த்தக்கூடிய பதிவு வகுப்பு இன்னொரு நிறம். எல்லா நேரமும் படிப்பு என்றால் யாரும் நம்ப மாட்டார்கள். “10 முதல் 11 வரை கூப்பிடாதீர்கள், 11 மணிக்கு நானே வந்து செய்துவிடுகிறேன்” என்றால் நடக்கும். சொன்னபடி 11 மணிக்கு எழுந்து போவது முக்கியம். இரண்டு வாரம் வாக்கைக் காப்பாற்றினால் அந்த ஒரு மணி நேரம் உங்களுடையதாகிவிடும்.

கேள்வி: குழு வேலையில் ஐந்து பேரில் இரண்டு பேர்தான் செய்கிறோம். மதிப்பெண் எல்லோருக்கும் சமம்.
— மேலாண்மை மாணவர்

நேரில் என்றால் சும்மா இருப்பவர் கண்ணில் படுவார், இணையத்தில் படமாட்டார். அதனால் வேலை கண்ணில் படும்படி அமைக்க வேண்டும். “நீ அறிமுகம், நான் முடிவுரை” என்று பிரிப்பதோடு நிறுத்தாமல், ஒரே பகிர்வுக் கோப்பில் பெயர், பகுதி, முதல் வரைவு தேதி மூன்றையும் எழுதுங்கள். முதல் வரைவின் தேதி, கடைசிக் கெடுவுக்கு ஆறு நாள் முன்னால் இருக்கட்டும். அன்றைக்கு ஒருவர் பகுதி காலியாக இருந்தால் முதலில் அவரிடம் தனியே கேளுங்கள். சோம்பலைவிடக் கருவி இல்லாமை, நோய், வேலைக்குப் போவது ஆகியவையே காரணமாக இருப்பதுண்டு. பகுதியை மாற்றிக் கொடுத்தால் செய்வார். அப்படியும் நடக்கவில்லை என்றால் நான்கு நாள் இருக்கும்போதே ஆசிரியருக்குச் சொல்லுங்கள். மதிப்பெண் வந்த பிறகு சொன்னால் சச்சரவாகத்தான் தெரியும்.

கேள்வி: பார்வைக் குறைபாடு உள்ளவன் நான். திரைவாசிப்பு மென்பொருள் வைத்துப் படிக்கிறேன். தரும் பிடிஎஃப்களில் பாதியை அது வாசிப்பதே இல்லை. கேட்டால் “கோப்பு சரியாகத்தான் இருக்கிறது” என்கிறார்கள்.
— வரலாறு முதுகலை மாணவர்

அவர்கள் கண்ணுக்குச் சரியாகத் தெரிவதால் அப்படிச் சொல்கிறார்கள். அது எழுத்துக் கோப்பு அல்ல, பக்கத்தைப் படமெடுத்த கோப்பு. படத்தில் இருப்பதை என்விடிஏ முதலான திரைவாசிப்பு மென்பொருள்களால் நேரடியாக எழுத்தாக வாசிக்க முடியாது. ஆசிரியருக்கு இதை நிரூபிக்க ஒரு சோதனை சொல்லுங்கள்: கோப்பைத் திறந்து ஒரு சொல்லைச் சுட்டியால் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். சொல் தேர்வாகாமல் பக்கம் முழுவதும் ஒரே கட்டமாகத் தேர்வானால் அது படம்.

படக்கோப்பை எழுத்துணரி வழியாக ஓட்டினால் எழுத்தாகும். கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திற என்று கொடுத்தால் இலவசமாகவே செய்துதரும், தமிழும் படிக்கும். கோணலாக ஸ்கேன் செய்த பக்கம், செய்தித்தாள் போல இரண்டு பத்தியாக அச்சான பக்கம், அட்டவணை ஆகியவற்றில் வரிசை குழம்பும். அதனால் இதை ஒரு தற்காலிக வழியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கிடைக்க வேண்டியது மூலக் கோப்பு. அநேகமாக ஆசிரியரிடம் வேர்டு கோப்போ ஸ்லைடு கோப்போ இருக்கும். அதை அச்செடுத்துத் திரும்ப ஸ்கேன் செய்துதான் அனுப்பியிருப்பார். “மூலக் கோப்பையே அனுப்புங்கள்” என்று கேட்டால் அவருக்கும் வேலை குறைவு.

பருவத்தின் முதல் வாரத்திலேயே எல்லா ஆசிரியருக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள். மூலக் கோப்பு, ஸ்லைடில் உள்ள படங்களுக்கு ஒரு வரி விளக்கம், வகுப்பில் “இங்கே பாருங்கள்” என்று சொல்லாமல் எதைக் காட்டுகிறார் என்று வாயால் சொல்வது ஆகிய மூன்றையும் கேளுங்கள். இணையத் தேர்வுக்கான கூடுதல் நேரம் தானாக வராது. தளத்தில் உங்கள் பெயருக்கு மட்டும் தனியே நேரத்தை மாற்ற வழி இருக்கிறது, அதை ஆசிரியர்தான் தேர்வு தொடங்குமுன் அமைக்க வேண்டும். ஒரு வாரம் முன்னால் நினைவூட்டி, மதிப்பெண் இல்லாத மாதிரித் தேர்வு ஒன்றை உங்கள் கணக்கில் திறந்து காட்டச் சொல்லுங்கள். அதில் கடிகாரம் எவ்வளவு காட்டுகிறது, எல்லாப் பொத்தானையும் விசைப்பலகையாலேயே அடைய முடிகிறதா என்று அன்றே பார்த்துவிடலாம்.